கிட்டார் கேபினட் வாங்கும்போது காதைக் கீழே இறக்குங்கள்

"அண்ணா, ஒரு ஃபோர் பை ட்வெல்வ் விலைக்கு வந்திருக்கு, எடுக்கட்டா?" என்று, 12 அங்குல ஸ்பீக்கர் நாலு உள்ள கேபினட் (ஆம்போடு இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டி) பற்றிப் பாண்டில் வாசிக்கிற தம்பிமார் கேட்டால், "எங்க வச்சு வாசிக்கப் போறாய்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டா, கொட்டாஞ்சேனையில் தேவாலயமா, பம்பலப்பிட்டியில் கலியாண மண்டபமா? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பீக்கரின் பெயரைப் பற்றிப் பேசுவது வீண்.

சமநிலையான தொனி என்று நான் சொல்வது இதைத்தான்: ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் கருவியில்) பேஸ் (அடித்தொனி), மிட் (நடுத்தொனி), ட்ரெபிள் (மேல்தொனி) மூன்று குமிழையும் நடுவில் வைத்துவிட்டு ஒரு பாட்டை முழுதாக வாசிக்க முடிய வேண்டும். ட்ரெபிளைப் பூச்சியத்துக்குக் குறைத்தால்தான் காது தாங்கும் என்றால், அந்த ஆம்புக்கு அந்தப் பெட்டி சரிவராது. (ஃபெண்டர் வகை ஆம்ப்களில் குமிழ் நடுவில் இருந்தாலும் மிட் குழிந்துதான் இருக்கும். அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.) குமிழ்கள் சின்னத் திருத்தத்துக்கு. பெட்டியின் குறையை மூடவே அவை முழுதாகத் திரும்பிவிட்டால், மண்டபத்தில் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

கடையிலோ விற்பவர் வீட்டிலோ கேட்கும்போது நிறையப் பேர் பெட்டிக்கு முன்னால் நின்றபடி வாசிக்கிறார்கள். ஸ்பீக்கர் முழங்காலுக்கு நேரே, காது ஐந்தடி உயரத்தில். 12 அங்குல ஸ்பீக்கரில் சுமார் 1500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலே போகப்போக சத்தம் டோர்ச் வெளிச்சம் மாதிரி ஒடுங்கி நேராகத்தான் போகும். பேஸ் மட்டும் எல்லாப் பக்கமும் பரவும். அதனால் நின்று கேட்கிற உங்களுக்கு மந்தமாக இருக்கும், ட்ரெபிளைக் கூட்டுவீர்கள். எதிரே கதிரையில் இருக்கிற மாமாவுக்கோ காதில் ஊசி குத்தும். கேபினட்டைக் கேட்கும்போது குந்தியிருந்து ஸ்பீக்கருக்கு நேரே ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம், எழுந்து நின்று ஒருதரம் கேளுங்கள். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே பெட்டி மாதிரிக் கேட்டால் நல்லது. நேரே கேட்கும்போது மட்டும் கூச்சல் போடுகிற பெட்டியை நான் எடுக்க மாட்டேன்.

சத்தத்தின் அளவும் முக்கியம். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும். வீட்டில் மெதுவாக வைத்து "ஆகா, சரியான பேஸ்" என்று சொல்லி எடுத்த பெட்டி, ட்ரம்ஸோடு வாசிக்கும் சத்தத்துக்கு வந்ததும் குமுறும். அதனால் முடிந்தவரை பாண்டில் வாசிக்கிற சத்தத்திலேயே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால், கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

இனிப் பெட்டியின் முதுகு. பின்பக்கம் முழுதாக மூடிய பெட்டியில் பேஸ் இறுக்கமாக முன்னால் வரும். ராக், மெட்டல் வாசிக்கிறவர்களுக்கு அது வேண்டும். பின்பக்கம் திறந்த பெட்டியில் சத்தம் பின்னாலும் போய்ச் சுவரில் பட்டு அறையெங்கும் பரவும், பேஸ் கொஞ்சம் இளகும். ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப், வொக்ஸ் ஏசி30, 1975 முதல் வருகிற ரோலண்ட் ஜேசி-120 எல்லாம் பின் திறந்தவைதான். பைலாவும் சினிமாப் பாட்டும் கீதமும் மாறி மாறி வாசிக்கிற எனக்குப் பாதி திறந்த டூ பை ட்வெல்வ்தான் பிடிக்கும். நம் மண்டபங்களில் தரை டைல்ஸ், சுவர் சீமெந்து. பேஸ் அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. மூடிய பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் பேஸ் கிட்டாருக்கும் கிக் ட்ரம்முக்கும் இடமே இருக்காது. திறந்த பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் திறந்ததன் பயன் போய்விடும்.

மார்ஷல் 1960ஏ மாதிரி நாலு ஸ்பீக்கர் பெட்டி சுமார் 36 கிலோ. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அதை மூன்று மாடி ஏற்றுகிறவர் யார் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஓட்டோவில் அது போகாது, வான் பிடிக்க வேண்டும். எப்படியும் மண்டபத்தில் மைக் வைத்து மிக்ஸருக்குத்தான் போகப் போகிறது, மைக் பிடிப்பதோ ஒரு ஸ்பீக்கரை. நல்ல ஒன் பை ட்வெல்வ் ஒன்றைக் கதிரையில் ஏற்றி, கொஞ்சம் சாய்த்து வைத்தால் உங்கள் காதுக்கும் நேராகக் கேட்கும். ஆனால் மிகச் சிறிய பெட்டி வேண்டாம். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், ஒடுங்கிய பெட்டியில் அதன் அடிப்பாகம் மெலிந்து, சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஸ்பீக்கரைத் தெரிவுசெய்யும்போது ஆம்பின் குணத்துக்கு எதிர்க்குணம் பாருங்கள். செலஸ்டியன் கம்பனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கரில் மேல் மிட் முன்னே துருத்தி நிற்கும். மிட் குழிந்த ஆம்போடு அது அருமை. ஏற்கெனவே மிட் நிறைந்த மார்ஷல் வகை ஆம்போடு, வெறும் டைல்ஸ் அறையில் சேர்த்தால் அரை மணிக்குள் தலை வலிக்கும். அதே கம்பனியின் கிரீன்பேக் மேலே மென்மை, கீழே இளக்கம், ஆனால் தாங்குவது 25 வாட்தான். கிட்டத்தட்ட அந்தக் குணத்தோடு கூடுதல் வாட் வேண்டுமென்றால் 65 வாட் கிரீம்பேக் இருக்கிறது. அவர்களுடைய ஜி12டி-75 ஸ்பீக்கர் மிட்டில் குழிந்து, பேஸும் ட்ரெபிளும் தூக்கலாக இருக்கும். தனியே வாசிக்கும்போது கம்பீரம், பாண்டோடு சேர்ந்தால் காணாமல் போகும். கடையில் தனியே கேட்டு மயங்கி எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு வகையைக் கலப்பது நல்ல வழி. வின்டேஜ் 30ஐயும் கிரீன்பேக்கையும் சேர்த்தால் ஒன்றின் கூர்மையை மற்றது தணிக்கும். இரண்டுக்கும் ஓம் (மின்தடை அளவு) ஒன்றாகவே இருக்க வேண்டும். தாங்கும் வாட்டைக் கூட்டிக் கணக்கிடாதீர்கள், குறைந்ததை இரட்டியுங்கள். வின்டேஜ் 30இன் 60ஐயும் கிரீன்பேக்கின் 25ஐயும் சேர்த்தால் 85 அல்ல, 50தான். சென்சிட்டிவிட்டியையும், அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதையும் பாருங்கள். வின்டேஜ் 30 100 டெசிபெல், ஜி12டி-75 97. அந்த 3 டெசிபெல்லை ஈடுகட்ட ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். ஆகவே இவை இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் வின்டேஜ் 30தான் பேசும்.

ஓம் விஷயம் சுருக்கமாக: 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பெரலலில் (சமாந்தரமாக) இணைத்தால் 8, 8 ஓம் இரண்டைத் தொடராக இணைத்தால் 16. வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் என்றால் பின்னால் எழுதியிருக்கிற ஓமுக்குப் பெட்டியைப் பொருத்துங்கள், பெட்டி இல்லாமல் ஒருபோதும் போடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போய்விடும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. வால்வ் ஆம்பை முறுக்கினால் எழுதியிருக்கிற வாட்டுக்கு மேலேயும் கொடுக்கும், அதனால் பெட்டி இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடாது.

கொழும்பில் மரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்டிஎஃப், சிப்போர்ட் பெட்டிகள் ஈரக்காற்றில் ஊதி, மூலைகள் விரியும், திருகாணி பிடிக்காது. 18 மில்லிமீற்றர் பேர்ச் பிளைவுட் இறுக்கமாக நிற்கும். பைன் இலேசு, பெட்டியும் சேர்ந்து கொஞ்சம் பாடும். மொரட்டுவைப் பக்கம் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். அளவைத் தெளிவாகக் கீறிக் கொடுத்தால் செய்து தருவார்கள். ஆனால் அலுமாரிக்குப் போடும் மெல்லிய பலகையைப் பின்பக்கத்துக்குப் போட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். அது நடுங்கினால் எந்த ஸ்பீக்கர் போட்டும் பயனில்லை.

பழைய பெட்டி பார்க்கப் போகிறவர்கள் மல்டிமீற்றர் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் கேபிளைப் பெட்டியில் செருகி மறுமுனையில் அளந்தால் 8 ஓம் பெட்டி ஆறு ஏழு காட்டும், 16 ஓம் பெட்டி பன்னிரண்டு பதின்மூன்று. இரண்டு ஸ்பீக்கர் பெரலலில் உள்ள 8 ஓம் பெட்டி பன்னிரண்டுக்கு மேல் காட்டினால் அதில் ஒன்று செத்திருக்கும். விரல்களை விரித்து கோனை (ஸ்பீக்கரின் கூம்பை) மெல்ல உள்ளே தள்ளுங்கள், உரசல் சத்தம் வந்தால் அதன் பின்னாலுள்ள கம்பிச்சுருளான கொயில் பழுது. பிறகு ஈ கம்பியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக ஏறி வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் ஜிர்ரென்றால் பின்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் திருகாணி இறுக்கினால் போதும். நிற்காவிட்டால் ஸ்பீக்கர் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கடற்கரைப் பக்க வீட்டிலிருந்து வருகிற பெட்டி என்றால் ஜாக்கையும் ஸ்பீக்கர் முனைகளையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்று பச்சை படிய வைத்திருக்கும். புது ஜாக் புறக்கோட்டையில் கிடைக்கும், பெரிய காசு இல்லை.