அம்மாயியின் ஊருக்குப் போகிறவர்களுக்கு

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி போய்ச் சேர்ந்த சேதி வந்தபோது நான் லண்டனில் இருந்தேன். நான் டிக்கெட் தேடிக்கொண்டிருக்கும்போதே உடலை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் காபி குடித்ததிலேயே நாள் தீர்ந்தது. மூன்றாவது தடவைதான் அம்மாயி எப்படி வாழ்ந்தார் என்பது கொஞ்சமாவது என் கைக்குக் கிடைத்தது. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர்ப் பக்கத்து வேர் உள்ளவர்கள், வீட்டுப் பெரிய மனுசியை நினைத்து ஊருக்குப் போவதாக இருந்தால், இது உங்களுக்கு உதவும்.

முதலில் மாதம். என்னைக் கேட்டால் ஆடிதான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை. வெளிநாட்டில் பல இடங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் யாரும் மண்டபம் மண்டபமாக ஓட வேண்டியதில்லை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயிலைத் தணித்துவிடும். ஆடி அமாவாசையும் பதினெட்டாம் பெருக்கும் இந்த மாதத்தில்தான். ஆவணியிலோ தையிலோ முகூர்த்த நாளாகப் பார்த்துப் போய் இறங்கினால், "சாயங்காலம் வாங்க கண்ணு" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.

வருசத் திதிக்காகவே போகிறீர்கள் என்றால் ஆங்கிலத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். எந்தத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று ஊரில் கேட்டு, அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத் தேதிப்படி பார்த்தால் அது வருசா வருசம் நகர்ந்துகொண்டே இருக்கும். சில வீடுகளில் திதி பார்க்காமல் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் கும்பிட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், ஷார்ஜா வழியாக வருபவர்கள் நேரே கோவையிலேயே இறங்கலாம். அங்கிருந்து அவிநாசி, பெருமாநல்லூர் வழியாக ஈரோடு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பஸ்ஸில் போவதென்றால் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் காந்திபுரம், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் உக்கடம், கரூருக்குச் சிங்காநல்லூர்.

ஆற்றங்கரைக் காரியத்துக்குப் பவானி கூடுதுறை, கொடுமுடி, பேரூர் மூன்றும் கொங்கில் வழக்கமான இடங்கள். பேரூரில் நொய்யல் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். தண்ணீரில் இறங்கி முங்க வேண்டும் என்றால் காவிரிக்கரைக் கொடுமுடிக்கோ, பவானியும் காவிரியும் சேருகிற கூடுதுறைக்கோ போங்கள். ஈரோட்டிலிருந்து பவானி 15 கிலோமீட்டர்தான். ஆடி அமாவாசையன்று விடியுமுன்னே போய்விடுங்கள். மேட்டூரில் அதிகத் தண்ணீர் விட்டிருந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். படி வழுக்கும், வயசானவர்களைக் கையைப் பிடித்தே இறக்குங்கள். பிண்டம் வைத்துத் தருபவரிடம் பணத்தை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். எள்ளும் தண்ணீரும் கையில் இருக்கும்போது கணக்குப் பேச வேண்டி வந்தது, அது இன்றைக்கும் மனசில் முள்ளாக இருக்கிறது.

காரியம் அரை நாளில் முடிந்துவிடும். அதோடு பயணமும் முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள். மிச்ச நாளை வீட்டில், தோட்டத்தில் செலவழியுங்கள். பெரியவர்களிடம் "அம்மாயி எப்படிங்க இருந்தாங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாத்திரத்தைக் கேளுங்கள்.

வீட்டின் பின்புறம், பொடக்காலிப் பக்கத்து அறையில், பரண்மேல், பித்தளையும் எவர்சில்வருமாகக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் துடைத்து, சன்னலோரம் சாய்த்துப் பிடித்து, விளிம்பைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். முதலெழுத்து, சிலதில் ஊர், சிலதில் தேதி. என் சின்னம்மாவும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க அந்த வேலையைத்தான் செய்தோம். ஒரு குடத்தில் அம்மாயி பிறந்த ஊரின் பேர் இருந்தது, அது சீர் வந்த குடம். ஒரு போசி என் அம்மா பிறந்ததற்கு வந்தது. கழுத்து நசுங்கிய ஒரு செம்பில் இருந்த முதலெழுத்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தவில்லை. சின்னம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது பக்கத்துத் தோட்டத்து ஆத்தாளோடது. பஞ்சத்துல கம்பு வாங்கிட்டு இதை வெச்சுட்டுப் போனாங்க. திருப்பிக் குடுக்கப் போனப்ப, வேண்டாம்னுட்டாங்க" என்றார். இருபது வருசமாக நான் தண்ணீர் குடித்த செம்பு அது.

அடுத்த நாள் அந்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த பேச்சு வேறு எங்கும் கிடைக்கவில்லை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டியது, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த வருசம், அம்மாயியின் வீட்டுக்காரர் அப்புச்சி இறந்த பிறகு அம்மாயி தனியாளாகக் கடலை போட்டு எடுத்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற பவானிசாகர் அணை முடிந்தது 1955இல் என்று தெரிந்திருந்ததால், தேதி சொல்லத் தெரியாதவர்கள் சொன்னதையும் ஓரளவு வரிசைப்படுத்த முடிந்தது. உங்கள் பக்கம் அது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலாக இருக்கலாம், அமராவதி அணையாக இருக்கலாம். தண்ணீர் வந்த வருசம் எதுவென்று யாரும் மறப்பதில்லை.

காலையிலும் சாயங்காலமும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிற நேரம், அப்போது போகாதீர்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, இரண்டிலிருந்து நான்கு வரை தோதான நேரம். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஆண்கள் உட்கார்ந்திருந்தால் பெண்கள் அதிகம் பேச மாட்டார்கள். சமையல்கட்டுக்குள் போய் உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் இன்னும் நல்லது. இடியாப்பம் மாதிரியான சந்தவை பிழியச் சொல்லி நீங்களும் அச்சை ஒரு கை அழுத்துங்கள். போனில் பதிவு செய்வதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். அங்கேயும் துக்கம் நடந்த வீடாக இருந்தால் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

காகித வேலையும் கொஞ்சம் உண்டு. இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம்; ஒரு வருசம் தாண்டிவிட்டால் தனியாக உத்தரவு வாங்க வேண்டும், அலைச்சல்தான். சொத்து இருந்தால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பேரை மட்டும் முன்னாலேயே சரிபாருங்கள். எங்கள் அம்மாயிக்குப் பட்டாவில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர், வீட்டில் கூப்பிட்டது மூன்றாவது பேர். ஓர் அலுவலகத்தில் இதற்காகவே எங்களை நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

முதல் வருசத் திதிக்கு வந்தவர்களுக்கு எவர்சில்வர் தட்டு கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். இப்போது மிஷின் வந்துவிட்டதால் நூறு தட்டென்றாலும் ஒரே நாளில் ஆகிவிடும். எந்தப் பேர் போடுவது என்று கடைக்காரர் கேட்பார். எங்கள் வீட்டில் பட்டாப் பேரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தட்டு வாங்கிக்கொண்ட கிழவிகள் இரண்டு பேர், "இது யாரு பேருங்க?" என்று என்னிடமே கேட்டார்கள். நீங்கள் வீட்டில் கூப்பிட்ட பேரையே வெட்டச் சொல்லுங்கள்.