மொட்டைக்கு ஊருக்குப் போகுமுன்: குழந்தையின் மெடிக்கெய்டில் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரின் பொது நூலகத்தில், சனிக்கிழமைகளில் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு, விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். சென்ற மாதம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இடுப்பில் பதினான்கு மாதப் பையன். தலையில் முடி அப்போதுதான் அருகம்புல்லாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே கதை எனக்குப் புரிந்துவிட்டது.

"ஊருக்குப் போய் மொட்டை அடித்துவிட்டு வந்தீர்களா?"

"ஆமாம் அக்கா, எப்படித் தெரியும்?"

"மெடிக்கெய்ட் நின்றுவிட்டதா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போட மறப்பது, பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் நம் ஊர் வரிசையில் எழுதுவது போன்றவற்றை நான் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவார்கள். யாருமே சொல்லாமல் விடுகிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முதல் பிறந்தநாளை மறப்பது

பிரசவத்தின்போது தாய்க்கு மெடிக்கெய்ட் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கும் அது தானாகவே கிடைத்துவிடும். தனி விண்ணப்பம் வேண்டியதில்லை. அவசரச் சிகிச்சைக்கு மட்டும் தரப்படும் மெடிக்கெய்டில் நடந்த பிரசவமாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த ஏற்பாடு குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரைக்கும் மட்டுமே. அதற்குமேல் தொடர, குழந்தைக்குத் தகுதி இருக்கிறதா என்று மாநிலம் பார்க்க வேண்டும். தன்னிடம் உள்ள தகவல்களை வைத்தே முடித்துக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பார்க்கும். முடியாவிட்டால் ஒரு படிவம் தபாலில் வரும். பதில் தரக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு.

நாம் எப்போது ஊருக்குப் போகிறோம்? சரியாக அந்த நேரத்தில்தான். குலதெய்வம் கோயிலில் மொட்டை, மாமன் மடியில் காதுகுத்து, பாட்டி வீட்டில் இரண்டு மாதம். படிவம் இங்கே தபால் பெட்டிக்குள் கிடக்கும்.

2016இல் நானும் இதைத்தான் செய்தேன். கணவர் அப்போது ஆய்வு மாணவர். மகளின் முதல் பிறந்தநாள் ஜூனில். மே மாதம் கிளம்பிப் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்த தபால்களில், பீட்சா கூப்பன்களுக்கு நடுவே மூன்று உறைகள். மூன்றும் என் பெயருக்கு. கடைசி உறையைப் பிரித்தேன். ஜூன் 30உடன் காப்பீடு முடிந்தது என்றிருந்தது. என்னுடைய பிரசவக் காப்பீட்டைத்தான் சொல்கிறார்கள், அது முடிந்து வெகுநாள் ஆகிறதே என்று நினைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் மகளின் பெயர் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

செப்டம்பர் நடுவில் ஒருநாள் இரவு அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். பதிவு மேசையில் இருந்தவர்தான் காப்பீடு செல்லவில்லை என்றார். பிறகு வந்தது பில்: 2,300 டாலர்.

இதுவரை நடந்ததை நான் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன், மறதி என்று விட்டுவிடலாம். இன்றைக்கும் எரிச்சலூட்டுவது அதற்குப் பிறகு செய்ததுதான்.

படிவம் அனுப்பாததால் காப்பீடு நின்றிருந்தால், நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அதே படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். புது விண்ணப்பம் தேவையில்லை. எனக்கு செப்டம்பர் 28 வரை நேரம் இருந்தது. படிவமோ இழுப்பறைக்குள் பிரிக்காத உறையிலேயே இருந்தது. நான் பில்லைப் பார்த்து அழுதுகொண்டிருந்துவிட்டு, அக்டோபரில் ஆதியிலிருந்து புது விண்ணப்பம் போட்டேன்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு சிறிய கட்டம் இருந்தது. கடந்த மூன்று மாதங்களில் கட்டப்படாத மருத்துவ பில் உண்டா என்ற கேள்வி. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் குழந்தைக்குத் தகுதி இருந்திருந்தால், மெடிக்கெய்ட் பின்தேதியிட்டு அந்தச் செலவை ஏற்கும். எனக்கு அது தெரியாது. மருத்துவமனையோடு தவணை பேசியாகிவிட்டது, இனி அது கட்டப்படாத பில் ஆகாது என்று நானே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டு "இல்லை" என்று குறித்தேன். பதினொரு மாதம் தவணை கட்டினோம். ஒரு கட்டத்தில் மாற்றிப் போட்ட ஒரு குறிக்காக!

இந்த மூன்று மாதச் சலுகையும் இப்படியே இருக்கப் போவதில்லை. 2025இல் வந்த சட்டத்தின்படி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் குழந்தைகளுக்கு அது இரண்டு மாதமாகக் குறைகிறது.

காப்பீடு அறுந்துபோகும் இந்த வயது சாதாரண வயதும் அல்ல. 12 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி, இரத்தத்தில் ஈயப் பரிசோதனை. பிறகு 15, 18, 24 மாதங்களில் பரிசோதனைகள். பணம் கேட்பார்களோ என்று பயந்து இவற்றைத் தள்ளிப்போட்ட பெற்றோர் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

"மூத்தவனுக்கு இப்படிப் படிவம் எதுவும் வரவில்லையே"

மூத்தவன் பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்திருப்பான். 2020 மார்ச் முதல் 2023 மார்ச் வரை யாரையும் நீக்கக் கூடாது என்று விதி இருந்தது. அது முடிந்ததும் நாடெங்கும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் நீக்கப்பட்டதற்குக் காரணம் வருமானம் அல்ல. படிவம் வந்து சேராதது, காகிதம் குறைந்தது போன்ற நடைமுறைக் காரணங்கள்தான்.

பெற்றோருக்கு இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை என்று நினைப்பது

குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெரியவர்களுடையதைவிட உயர்வு. வருமானம் மெடிக்கெய்ட் வரம்புக்கு மேலே போனால், குழந்தைகளுக்கான சிப் (CHIP) என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. "உங்களுக்குத் தகுதியில்லை" என்ற கடிதம் யாருக்கு என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். இதில் நாம் மட்டும் குழம்புவதில்லை, மாநிலங்களின் கணினிகளும் குழம்பின. வீட்டில் ஒருவரின் தகவல் போதாவிட்டால் மொத்தக் குடும்பத்துக்கும் படிவம் அனுப்பி, பதில் வராததால் தகுதியுள்ள பிள்ளைகளையும் நீக்கியது 2023இல் தெரியவந்தது. ஏறக்குறைய 5 லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

சம்பளம் உயர்ந்ததும் நாமே நிறுத்தச் சொல்வது

நேர்மையான மனிதர்கள் செய்யும் தவறு இது. 2024 ஜனவரி 1 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 மாதத் தொடர் காப்பீடு எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். நடுவில் வருமானம் கூடினாலும் அந்த 12 மாதம் முடியும்வரை மெடிக்கெய்ட் தொடரும். வருமான மாற்றத்தைத் தெரிவியுங்கள். "நிறுத்துங்கள்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆறு வயது வரை கவலையில்லை என்று கேள்விப்பட்டதை நம்புவது

ஓரெகன், வாஷிங்டன், நியூ மெக்சிகோ போன்ற சில மாநிலங்களில், மத்திய அரசின் அனுமதியோடு, ஆறு வயது வரை காப்பீடு தொடரும் ஏற்பாடு வந்தது உண்மை. ஆனால் இத்தகைய அனுமதிகளை இனிப் புதிதாகத் தருவதில்லை, இருப்பவற்றை நீட்டிப்பதும் இல்லை என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் இன்று என்ன நிலை என்று விசாரியுங்கள்.

மாநிலம் மாறுவது

மெடிக்கெய்ட் கூடவே வராது. புது ஊரில் பெட்டி பிரிக்குமுன் விண்ணப்பியுங்கள்.

முகவரி

முகவரி மாறியதைத் தபால் நிலையத்தில் சொன்னது மெடிக்கெய்டுக்குச் சொன்னதாகாது.

"எங்களிடம் மெடிக்கெய்ட் இல்லை, ஆப்பிள் ஹெல்த்தான்"

இரண்டும் ஒன்றே. வாஷிங்டன் மாநிலத்தில் மெடிக்கெய்டுக்கு அந்தப் பெயர், கலிபோர்னியாவில் மெடி-கால், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர்.

விசா பயம்

குழந்தைக்கு மட்டும் விண்ணப்பித்தால் பெற்றோரின் குடியேற்ற நிலையைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது. மற்ற சந்தேகங்களைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் அல்ல.

அந்தத் தம்பதி

அவர்களுடைய காப்பீடு நின்று 41 நாள்தான் ஆகியிருந்தது. படிவம் அந்தப் பெண்ணின் கைப்பையிலேயே, நான்காக மடித்தபடி இருந்தது. நிரப்பினோம். கட்டப்படாத பில் உண்டா என்று கேட்டேன். அவள் "இல்லை" என்றாள். நான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "ஊரிலிருந்து வந்த பிறகு எந்த மருத்துவரிடமும் போகவில்லையா?" என்றேன். கணவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இதையும் சொல்லலாமா அக்கா?"