மானிட்டர் வாங்கப் போறீங்களா? நம்ம திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

50 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கணக்குப் போட்டால், நம்ம பக்கம் அந்தப் பணம் போகிற வழி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பிராசசருக்கு ஒரு வாரம் யோசிப்பார்கள், கிராஃபிக்ஸ் கார்டுக்கு யூடியூபில் பத்து வீடியோ பார்ப்பார்கள், சென்னை ரிச்சி தெருவில் என்ன விலை, நம்ம ஊர் வண்ணார்பேட்டையில் என்ன விலை என்று ஒப்பிட்டு ரேமுக்கு இருநூறு ரூபாய் குறைப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் கிடக்கிற ஆறாயிரத்தை நீட்டி "ஏதாவது ஒரு மானிட்டர் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். நாலைந்து வருஷத்தில் அந்த பிராசசர் பழசாகிவிடும், கார்டையும் விற்று வேறு வாங்கியிருப்பார்கள். மானிட்டர் மட்டும் எட்டு, பத்து வருஷம் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும். மிச்சப் பணத்தில் வாங்குகிற சாமான் இல்லை அது. அதற்காக அட்டைப்பெட்டியில் எதில் பெரிய எண் போட்டிருக்கிறதோ அதை எடுப்பதும் சரியில்லை. நான் பார்த்தவரை பணம் அதிகம் வீணாவது இந்த இரண்டாவது வழியில்தான்.

இன்ச் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். கடையில் 24 இன்சுக்குப் பக்கத்திலேயே 27 இன்சும் இருக்கும், கொஞ்சம் ரூபாய்தான் வித்தியாசம் என்பார்கள், பெரிசா இருக்கே என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். இரண்டுமே ஃபுல் எச்டி, அதாவது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். திரை பெரிசானாலும் புள்ளி கூடவில்லை. 24 இன்சில் ஒரு இன்சுக்கு 92 பிக்சல், அதாவது புள்ளி, இருந்தது, 27-ல் 82 ஆகக் குறைந்துவிடும். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு இது உறுத்தாது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்கிறவருக்கு உறுத்தும், தமிழ் எழுத்து என்றால் இன்னும் கூடுதலாகவே உறுத்தும், ஏனென்றால் சுழியும் கொம்பும் மேலே ஒரு புள்ளியுமாக நம்ம எழுத்தில் சின்ன இடத்துக்குள் நிறைய வேலை இருக்கிறது. இ-சேவை மையத்தில் மனு அடிப்பவர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர், பத்திரம் டைப் செய்பவர் எல்லாம் 'கி'யா 'கீ'யா என்று பார்க்க முகத்தைத் திரைக்குள் கொண்டுபோக வேண்டிவரும். ஃபுல் எச்டி என்றால் 24-ஓடு நின்றுகொள்ளுங்கள். 27 இன்ச்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 இருக்கிற மாடலைப் பாருங்கள், அதில் இன்சுக்கு 109 பிக்சல், எழுத்து கணீரென்று இருக்கும். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு, எழுத்து பெரிசாகவும் வேண்டும் இடமும் வேண்டும் என்றால், 32 இன்ச் 1440 நல்ல வழி; அதன் நெருக்கமும் 24 இன்ச் ஃபுல் எச்டி அளவுதான் வரும்.

இதே கணக்கில்தான் டிவியை மானிட்டராக்குகிற யோசனையும் அடிபடும். "32 இன்ச் டிவி பத்தாயிரத்துக்குள்ள கிடைக்கும்போது 24 இன்ச் மானிட்டருக்கு எதுக்குல அவ்வளவு?" என்று கேட்காத சித்தப்பா இல்லை. அந்த விலையில் வரும் 32 இன்ச் டிவிகள் பெரும்பாலும் எச்டி ரெடி, 1366-க்கு 768. கணக்குப் போட்டால் இன்சுக்கு 49 பிக்சல். கணக்கு எழுதும் டேலியைத் திறந்தால் எழுத்தெல்லாம் ரம்பப் பல் மாதிரி நிற்கும். போதாக்குறைக்குப் பல டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும், டாஸ்க்பார் பாதி தெரியாது. மவுஸை நகர்த்தினால் அம்பு ஒரு கணம் கழித்துதான் நகரும். கேம் மோடு போட்டால் கொஞ்சம் சரியாகும், முழுசாகச் சரியாகாது.

அடுத்தது, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் கடைக்குப் போவது. பழைய சிபியுவில் படம் அனுப்ப விஜிஏ என்ற பழைய வகை ஓட்டை மட்டும் இருக்கும், வாங்கி வந்த மானிட்டரில் எச்டிஎம்ஐ என்ற புதிய வகை மட்டும் இருக்கும். உடனே நூறு ரூபாய்க்கு ஒரு கேபிளை வாங்கி இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று மாட்டிவிட்டு, படம் வரவில்லை, மானிட்டர் போச்சு என்று திரும்பக் கொண்டுபோவார்கள். விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போக வெறும் கேபிள் பத்தாது, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். அலுவலக வேலைக்கென்று வரும் மானிட்டர்களில் இன்றைக்கும் விஜிஏ உண்டு, பழைய சிபியு வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கினால் தொல்லையில்லை. எச்டிஎம்ஐ இருந்தாலும் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். இன்டெல் பத்தாம் தலைமுறை வரைக்கும் பல மதர்போர்டுகளில் இருப்பது 1.4, அதில் 4கே (3840-க்கு 2160 புள்ளி) போட்டால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, அதாவது விநாடிக்கு 30 தடவைதான் படம் மாறும், மவுஸ் தத்தித் தத்தி நகரும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அல்லது டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வகை ஓட்டையில் 1.2 வேண்டும்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது, அது போக பெங்களூர், சென்னை கம்பெனி வேலையை அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ வீட்டிலிருந்தே பார்ப்பவர்களும் இப்போது உண்டு. இவர்கள் கையில் இருப்பது லேப்டாப். ஒரே டைப்-சி கேபிளில் படமும் சார்ஜும் போகும் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு, ஏழெட்டாயிரம் கூடக் கொடுத்து டைப்-சி மானிட்டர் வாங்குவார்கள். லேப்டாப்பில் உள்ள டைப்-சி ஓட்டையெல்லாம் படம் அனுப்பாது. டைப்-சி வழியே படம் அனுப்பும் டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடு உண்டா என்று லேப்டாப் மாடலின் விவரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் என்றால் வெளியே ஒரு மானிட்டர்தான் ஏற்கும், இரண்டு வாங்கி அடுக்க வேண்டாம்.

விளையாட்டுக்கு வருவோம். இன்ஜினியரிங் காலேஜ் தம்பிகள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, 4கே மானிட்டர் எடுத்துட்டா ஃபியூச்சருக்கு ஆகும்லா?" ஆகாது தம்பி. ஃபுல் எச்டியில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1440-ல் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு வேலை உங்கள் கார்டு செய்ய வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு வைத்துக்கொண்டு புதிய பெரிய கேம்களை 4கேயில் ஓட்ட நினைத்தால் கேம் ஓடாது, ஸ்லைடு ஷோதான் ஓடும். ரெசல்யூஷனை, அதாவது புள்ளி எண்ணிக்கையை, குறைத்து ஓட்டலாமே என்றால், 4கே திரையில் குறைந்த ரெசல்யூஷன் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் ஆடுகிறவர்களுக்கு 24 இன்ச் ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ் அல்லது 180 ஹெர்ட்ஸ் போதும் போதும். கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 அளவிலோ அதற்கு மேலோ இருந்து, கதை உள்ள பெரிய கேம்களை ரசித்து ஆடுகிறவர் என்றால் 27 இன்ச் 1440.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் 60-க்கும் 144-க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 6.9-க்கு இறங்குகிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் 6.9 என்பது 4.2 ஆகும், அவ்வளவுதான். போட்டிக்கு ஆடுகிறவருக்கு அது பயன்படலாம், மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல பேனலில், அதாவது படம் காட்டுகிற திரைத் தகட்டில், போடலாம். ஆனால் இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60-லேயே விட்டுவிட்டு மாசக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நீங்களே மாற்ற வேண்டும். கேபிளை மதர்போர்டில் சொருகுவது இன்னொன்று: கார்டு சும்மா கிடக்கும், உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸில் கேம் திணறும். எஃப் என்று முடிகிற இன்டெல் பிராசசரில் கிராஃபிக்ஸே கிடையாது, அங்கே சொருகினால் படமே வராது. கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும், டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளே போர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். 1440 திரையை அது ஏற்பதும் 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்துதான்.

ரெஸ்பான்ஸ் டைம் (புள்ளி நிறம் மாறும் வேகம்) 1 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அதை அளக்கும் முறையே இரண்டு விதம், கம்பெனி தனக்குச் சாதகமானதைப் போட்டுக்கொள்ளும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், கோடிக்கணக்கில் போட்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இருட்டும் வெளிச்சமும் எடுப்பாகத் தெரியும் என்று சொல்லி ஒட்டும் எச்டிஆர் 400 என்ற முத்திரைக்கு உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் எட்ட வேண்டும், ஆனால் இருட்டையும் வெளிச்சத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் விளக்குகள் இருக்க வேண்டியதில்லை. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டிஎன், விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி என்று வரும் பேனல் வகையைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். டிஎன் பேனல் புதிதாக வாங்கவே வேண்டாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறும். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 வரை வரும், ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்க்க அருமை. ஆனால் விலை குறைந்த விஏவில் இருட்டுக் காட்சியில் ஆள் ஓடினால் பின்னால் கரி இழுத்த மாதிரி நிழல் வரும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000-க்கு 1 பக்கம்தான், ஆனால் நிறமும் பார்வைக் கோணமும் நம்பகம். வேலை, விளையாட்டு இரண்டுக்கும் ஒன்று என்றால் ஐபிஎஸ். ஓஎல்இடி பார்க்கவே கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க எக்செல் திறந்து வைத்திருக்கிற மேசைக்கு அது தேவையில்லை, அசையாத டாஸ்க்பாரின் தடம் நாளடைவில் திரையில் தங்கிவிடக்கூடும்.

போட்டோ ஸ்டுடியோ, ஆல்பம் டிசைன், ஃப்ளெக்ஸ் வேலை பார்ப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த சில மானிட்டர்களில் என்டிஎஸ்சி 45 சதவீதம் என்று, எவ்வளவு நிறம் காட்டும் என்ற அளவை, சின்ன எழுத்தில் போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது காட்டாது என்று அர்த்தம். பட்டுப்புடவையின் அரக்கும் குங்குமமும் திரையில் வெளிறித் தெரிய, நிறம் பத்தவில்லை என்று நினைத்து நீங்கள் ஏற்றுவீர்கள், பிரின்ட் வந்து பார்த்தால் மாப்பிள்ளை முகம் சிவந்து கிடக்கும். பிரின்ட் போடுகிறவரிடம் சண்டை பிடித்துப் பிரயோஜனம் இல்லை, தப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. என்டிஎஸ்சி 72 சதவீதம் அல்லது எஸ்ஆர்ஜிபி 99, 100 சதவீதம் என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். 27 இன்ச் 4கே ஐபிஎஸ் 60 ஹெர்ட்ஸ் இந்த வேலைக்குத்தான் சரி, கேமுக்கு அல்ல.

அப்புறம், வைக்கிற இடம். நம்ம வெயில் தெரியாததா. தார்சாவிலோ பட்டாசல் ஜன்னலுக்கு எதிரிலோ மேசை போட்டு, வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்தால் 250 நிட்ஸ் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள், காசு செலவில்லாத வைத்தியம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் திரை வேண்டாம், மேட் போதும். குறைந்த விலை ஸ்டாண்டுகள் முன்னும் பின்னும் சாயும், உயரம் ஏறாது. கழுத்து வலி வந்தால் அடியில் இரண்டு தடித்த புத்தகத்தை வையுங்கள், இல்லையென்றால் பின்னால் வெசா துளைகள் (ஸ்டாண்டு திருகும் நாலு துளைகள்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பிறகு உயரம் மாற்றுகிற மானிட்டர் ஆர்ம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கரண்டு விஷயம் ஒன்று. சிபியுவை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு மானிட்டரைச் சுவர் பிளக்கில் போடுகிற பழக்கம் ஏராளம். கரண்டு போனதும் சிபியு ஓடிக்கொண்டிருக்கும், திரை அணைந்திருக்கும், டேலியைச் சேமித்து மூட வழியில்லை. 24 இன்ச் மானிட்டர் குடிப்பது 20, 25 வாட்தான், தைரியமாக யுபிஎஸ்ஸில் போடலாம். சில யுபிஎஸ்களில் ஒரு பிளக் பேட்டரி இல்லாத வெறும் பாதுகாப்புப் பிளக், அதில் மாட்டிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு எந்த யுபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கையே பிடுங்குங்கள், இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து.

விலை ஏறி இறங்கும், ஆனாலும் சுமாராகச் சொன்னால், கணக்கு எழுதவும் படிக்கவும் 8 முதல் 10 ஆயிரத்துக்குள் 24 இன்ச் ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ். ஆறாயிரத்துக்கு 22 இன்ச் வாங்குவதைவிட இன்னும் ஒரு மாசம் பொறுத்து இதை வாங்குங்கள். விளையாட்டுக்கு 10 முதல் 13 ஆயிரத்தில் அதே அளவில் 144 அல்லது 180 ஹெர்ட்ஸ். 16 முதல் 22 ஆயிரம் வரை போகலாம் என்றால் 27 இன்ச் 1440, வேலையும் விளையாட்டும் இரண்டும் நடக்கும். என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு அதிக நாள் திருப்தி தருவது இந்த இடம்தான். 24 இன்சில் வளைந்த திரைக்குக் காசு கொடுக்காதீர்கள், அந்த அகலத்தில் வளைவால் ஒரு லாபமும் இல்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய மானிட்டர்கள் நாலைந்தாயிரத்துக்கு வரும், அதில் நல்ல ஐபிஎஸ் மாட்டினால் அதிர்ஷ்டம். முழு வெள்ளைத் திரை, முழு கறுப்புத் திரை போட்டு மஞ்சள் பாய்ந்திருக்கிறதா, புள்ளி செத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

புதிதாக ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்து வந்தால் அதுதான் சாட்சி. ஒரு புள்ளி செத்திருந்தால் மாற்றித் தருவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று வாரன்டி விதியில் போட்டிருக்கும். வீட்டுக்கே ஆள் வருவார்களா, இல்லை மதுரைக்கு நீங்கள் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள், மூணு வருஷ வாரன்டி என்ற எண்ணைவிட இது முக்கியம். பெட்டியையும் தெர்மாகோலையும் பொங்கலுக்கு எரித்துவிடாதீர்கள், சர்வீசுக்கு அனுப்ப அதே பெட்டிதான் வேண்டும்.

கடைசியாக பில். "பில் இல்லாம ஐந்நூறு குறைச்சுத் தாரேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பில்லும் அதில் சீரியல் நம்பரும் இல்லாமல் வாரன்டி பேச முடியாது. கடை வைத்து ஜிஎஸ்டி கட்டுகிறவர் என்றால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். வரி 18 சதவீதம். 11,800 ரூபாய் மானிட்டரில் 1,800 ரூபாய் வரி, வியாபாரத்துக்கு வாங்கியதென்றால் அதை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.