கீவேர்டு ஆர்க்யுமென்ட்ட உள்ள விடுறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க

ஏற்காட்டுல மாமா தோட்டத்து காபி, மிளகெல்லாம் சேலம் லீ பஜாருக்கு அனுப்புறப்போ பில் போட பைத்தான்ல ஒரு ஃபங்ஷன் எழுதிக் குடுத்தேன், பேரெல்லாம் தமிழ்லயே வச்சேன், பைத்தான் 3 அத ஏத்துக்கும். ஃபங்ஷனுக்கு பேர் சொல்லி அனுப்புற மதிப்புதான் கீவேர்டு ஆர்க்யுமென்ட். டபுள் ஸ்டார் க்வார்க்ஸ் (**kwargs, எந்தப் பேர்ல வந்தாலும் வாங்கிக்கும்) போட்டு எல்லாத்தையும் வாங்கி, கெட் (.get, அந்தப் பேர் இல்லன்னா டீஃபால்ட்ட குடுக்கும்) வச்சு எடுத்தேன். ஒரு இடத்துல 'கழிவு'க்கு பதிலா 'கலிவு'ன்னு டைப் ஆயிடுச்சு. எர்ரரே வரல, கழிவு டீஃபால்ட் சைபர்னு எடுத்துக்கிட்டு மூணு வாரம் தப்பு பில்லா போயிருக்கு, மாமா மூஞ்சியப் பார்க்கவே முடியல.

அதனால மொதல்ல டபுள் ஸ்டார தூக்குங்க. பிராக்கெட்ல மொதல்ல ஒத்த ஸ்டார், கமா, அப்புறம் எடை, விலை, கழிவு=0ன்னு பேர் சொல்லியே எழுதுங்க. தப்பு பேர் வந்தா பைத்தானே டைப்எர்ரர் குடுத்துரும், பேர் இல்லாம வெறும் நம்பர வரிசையா தள்ளவும் முடியாது.

டபுள் ஸ்டார் வேணும்னே ஆகணும்னா, அனுமதிச்ச பேர ஒரு செட்ல வச்சு, வந்த கீஸ்ல இருந்து கழிங்க, மிச்சம் இருந்தா எர்ரர ரெய்ஸ் (raise) பண்ணுங்க.

அடுத்து மதிப்பு. ட்ரூ கூட பைத்தானுக்கு இன்ட் தான், அத தனியா தடுக்கணும். எடை சைபருக்குக் கீழயான்னு கேட்காதீங்க, 'சைபருக்கு மேல இல்லன்னா வேல்யூஎர்ரர்'னு எழுதுங்க, ஏன்னா நேன் (NaN, 'நம்பரே இல்ல'ங்குற மதிப்பு) வந்தா பெருசா சின்னதான்னு எப்படி கேட்டாலும் ஃபால்ஸ் தான் வரும். இந்த செக்குக்கு அசெர்ட்ட (assert, பொய்யானா எர்ரர் குடுக்குற வரி) நம்பவே வேண்டாம், பைத்தான மைனஸ் பெரிய ஓ (-O) போட்டு ஓட்டுனா அது காணாமப் போயிரும். எர்ரர் மெசேஜ்ல ஆர்க்யுமென்ட் பேரும் வந்த மதிப்பும் ரெண்டும் கட்டாயம் இருக்கட்டும்.