டைட்ரேஷன் முடிந்தபின் மிஞ்சும் ஆரஞ்சுத் தண்ணீர்

ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவு குவிந்து நிலத்தடி நீர் கெட்டது வட ஆற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரி லேபில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருப்பதும் அதே +6 குரோமியம்தான், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். சிங்கில் ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று பாலாற்றங்கரைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை) முடிந்த குடுவையில் அது பெரும்பாலும் +3 ஆக, நச்சு குறைந்த வடிவமாக, மாறியிருக்கும். பியூரெட்டிலும் (சொட்டு விடும் அளவுக் குழாய்) கரைசல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கிலும் மிஞ்சும் ஆரஞ்சுதான் ஆபத்து. குடுவைக் கழிவையும் இந்த மிச்சத்தையும் மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். ஆல்கஹால், அசிட்டோன் எதுவும் அதில் விழக்கூடாது, சூடேறிப் பொங்கும். சி.ஓ.டி. (கழிவுநீரின் மாசை அளக்கும்) சோதனைக் கழிவுக்குத் தனிக் கேன். அதில் பாதரசமும் வெள்ளியும் இருப்பதால் +6ஐ +3 ஆக மாற்றிக் கூழாக இறக்கும் இந்த முறை அதற்கு ஆகாது.

கண்ணாடி, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு ஃபியூம் ஹூட்டில் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அறைப்பெட்டி) செய்யுங்கள். கந்தக டைஆக்சைடு கிளம்பும், ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில் நிற்கவேண்டாம். நீர்த்த கந்தக அமிலம் விட்டு பி.எச். (அமிலத்தன்மை அளவு) 2க்கும் 3க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். 0.1 நார்மல் செறிவுள்ள கரைசல் 1 லிட்டரில் 4.9 கிராம் டைகுரோமேட் இருக்கிறது. அதை +3 ஆக்கக் கணக்குப்படி 4.75 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போதும்; திறந்து நாளான பாட்டில் வீரியம் குறைந்திருக்கும், 6 கிராம் எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க, ஆரஞ்சு போய்ப் பச்சை வரும்.

தவறு நடப்பது இங்கேதான். பி.எச். 4க்கு மேல் இருந்தால் வினை நத்தைபோல நகரும். நிறம் சற்று மங்கியதும் ஆயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளை டைலில் இரண்டு சொட்டு விட்டு, +6 இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டைஃபீனைல்கார்பசைடு ஒரு சொட்டு சேருங்கள். ஊதா வந்தால் இன்னும் மெட்டாபைசல்ஃபைட் வேண்டும்.

பிறகு 10 சதவீத காஸ்டிக் சோடா கரைசலை மெதுவாக விட்டு பி.எச். 8 முதல் 9 வரை ஏற்றுங்கள். +3 குரோமியம் சாம்பல் கலந்த பச்சைக் கூழாக இறங்கும். அளவு மீறி ஊற்றினால் அதே கூழ் மறுபடி கரையும். ராத்திரி முழுக்க விட்டு, மேல்நீரை மறுநாள் வடிகட்டி, மறுபடி ஊதா சோதனை பார்த்தே வெளியேற்றுங்கள்.

கூழ் குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது. பெயர், தேதி எழுதி ஒட்டி, 90 நாளுக்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கவேண்டும். லேப் அட்டெண்டரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கூழ் பட்ட பக்கெட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவவே கூடாது. மஞ்சளாகத் தண்ணீர் ஓடினால் +6 திரும்பிவந்துவிட்டது என்று அர்த்தம்.