ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டிப் பள்ளி வாரியம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. இப்பள்ளிகளை ஆளும் வாரியத்திடம் நியாயமான கோரிக்கையோடு போகும் பெற்றோர் ஏமாற்றத்தோடு திரும்ப நேர்ந்தால், பெரும்பாலும் குறை கோரிக்கையில் இருப்பதில்லை. யாரிடம், எந்த மாதத்தில் கேட்பது என்பதில்தான் பிழை நேர்கிறது.

முதல் தவறு, ஊரில் கண்ட அமைப்பையே இங்கும் எதிர்பார்ப்பது. தமிழ்நாட்டில் மாவட்டப் பள்ளிகளைக் கவனிக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. ஃபேர்ஃபேக்ஸில் மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்துப் பன்னிரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்பது பேர் தொகுதிவாரியாகவும் மூவர் கவுண்டி முழுவதற்குமாகவும் வருகிறார்கள். பள்ளிகளை அன்றாடம் நடத்தும் கண்காணிப்பாளரை நியமிப்பது இந்த வாரியமே. கொள்கை, வரவுசெலவுத் திட்டம், எந்தப் பகுதிப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று வகுக்கும் பள்ளி எல்லை ஆகியவை வாரியத்தின் பொறுப்பு. பேருந்து தாமதம், ஒரு வகுப்பாசிரியரைப் பற்றிய முறையீடு போன்றவை முதலில் பள்ளி முதல்வரிடம் போக வேண்டியவை.

தனி உறுப்பினர் ஒருவரின் வாக்குறுதியை வாரியத்தின் முடிவாக எடுத்துக்கொள்வதும் தவறு. பெரும்பான்மை வாக்கு இல்லாமல் எந்த உறுப்பினருக்கும் தனியாக அதிகாரம் கிடையாது. அவரால் ஒரு கேள்வியை எழுப்ப முடியும், தீர்மானத்தை முன்மொழிய முடியும், அவ்வளவே. பன்னிருவருக்கும் கடிதம் அனுப்பினோம், அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரே பதில் தரவில்லையே என்று வருந்துவதிலும் பொருளில்லை. மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து வாரிய அலுவலைப் பேசினாலே வர்ஜீனியாவின் தகவல் உரிமைச் சட்டப்படி அது கூட்டமாகிவிடும். அதற்கு முன்னறிவிப்பு வேண்டும், பொதுமக்கள் பார்க்கவும் வழி வேண்டும். ஊழியர் விவகாரம், ஒரு மாணவர் மீதான நடவடிக்கை, வழக்கறிஞர் ஆலோசனை, நிலம் வாங்குதல் போன்றவற்றை மட்டும் மூடிய அமர்வில் விவாதிக்கலாம். வாக்கெடுப்பு அப்போதும் வெளிப்படையாகவே நடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் இழக்கச் செய்வது பணம் குறித்த தவறு. இந்த வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பள்ளிகளின் நடைமுறைச் செலவில் சுமார் 70 விழுக்காட்டை வேறொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பான கவுண்டி மேற்பார்வையாளர் குழு, முக்கியமாகச் சொத்து வரியிலிருந்து தருகிறது. நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கான வேலையோ ஜனவரியிலேயே, கண்காணிப்பாளர் தம் முன்மொழிவை வைக்கும்போது தொடங்கிவிடுகிறது. பிப்ரவரியில் வாரியம் அதைத் திருத்தி ஏற்றுக் கவுண்டியிடம் நிதி கேட்கிறது. வசந்த காலத்தில் மேற்பார்வையாளர்கள் வரி விகிதத்தையும் பள்ளிகளுக்கான தொகையையும் முடிவு செய்கிறார்கள். மே மாதத்தில் வாரியம் இறுதி ஒப்புதல் தருகிறது. மே மாதத்தில் வந்து எங்கள் பள்ளிக்கு இன்னொரு மாணவர் ஆலோசகர் வேண்டும் என்று கேட்பவர், உண்மையில் வேறொரு செலவுக்கு ஒதுக்கியதிலிருந்து அந்தப் பணத்தை எடுக்கச் சொல்கிறார். அதே கோரிக்கையை ஜனவரியில் வாரியத்திடம் வைத்துவிட்டு, மொத்தத் தொகை குறையாதிருக்க மார்ச், ஏப்ரலில் மேற்பார்வையாளர்களிடமும் பேசியிருந்தால் அதற்கு வலு அதிகம். எந்தப் பள்ளியில் எந்தப் பணியிடம் என்று மேற்பார்வையாளர்கள் ஆணையிட முடியாது என்பதால், அவர்களிடம் ஆலோசகர் பணியிடம் கேட்பதும் வீண்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு குழப்பம், "கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, ஆசிரியருக்கு இல்லையா?" என்ற கேள்வி. புதுப்பிப்புக்கும் புதுக் கட்டடங்களுக்குமான நிதி பெரும்பாலும் கடன் பத்திரங்களிலிருந்து வருகிறது. 2023 நவம்பரில் வாக்காளர்கள் 43.5 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது. அது எங்கே செலவாகும் என்பதைப் பள்ளி நிர்வாகம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மூலதனத் திட்ட அறிக்கையில் காணலாம். அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டட வடிவமைப்பின்படியான கொள்ளளவு, இப்போதைய பயன்பாட்டின்படியான கொள்ளளவு, இன்றைய சேர்க்கை, ஐந்தாண்டுக்கான கணிப்பு ஆகியவை இருக்கின்றன. சிறப்புக் கல்விக்கு ஒதுக்கிய அறையில் குறைந்த மாணவர்களே அமர்வார்கள் என்பதால் இரண்டாவது எண் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்து, "இடம் நிறைய இருக்கிறதே" என்று வாதிடுபவருக்கு உடனே மறுப்பு வந்துவிடும்.

வீடு வாங்கும்போது பள்ளி எல்லையை நிலையானது என்று நம்புவது பெரும் ஆபத்து. நெரிசல், புதுக் குடியிருப்புகள், பயண தூரம் எனப் பல காரணங்களால் வாரியம் எல்லையை மாற்றலாம். 2024இல் திருத்திய கொள்கைப்படி கவுண்டி முழுவதற்குமான எல்லை ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாததால் நமக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. வாரியத் தேர்தலில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் வாரியம் மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணையில் பேசவோ உறுப்பினருக்குக் கடிதம் எழுதவோ கடவுச்சீட்டின் நிறம் தடையில்லை. பேச முன்பதிவு செய்ய வேண்டும், கிடைப்பதும் சில நிமிடங்களே. ஆகவே கோரிக்கையை ஒன்றாகச் சுருக்கி, மூலதனத் திட்ட அறிக்கையிலோ வரவுசெலவு முன்மொழிவிலோ அது தொடர்பான பக்க எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். அதே உரையை எழுத்திலும் அனுப்பிவையுங்கள்.