கூண்டு வலை: துத்தநாகச் சொட்டைக் கவனியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடைகளில் பறவைக் கூண்டுக்கு வலை கேட்டால், பெரும்பாலும் அறுகோணக் கோழி வலையைத்தான் எடுத்துப் போடுவார்கள். பட்ஜி என்ற சிறு கிளிக்கு அது வேண்டாம். கம்பி மெல்லியது, கண்ணும் பெரிது.

நான் போட்டது அரை அங்குலச் சதுரக் கண், 1 மில்லிமீட்டர் கம்பி, வெல்டிங்குக்குப் பிறகு துத்தநாகம் பூசியது. வாங்கும்போது கம்பிகள் சேரும் மூட்டுகளைப் பாருங்கள். பூச்சு மூட்டுகளையும் மூடியிருக்க வேண்டும். மூட்டு மட்டும் கருகித் தெரிந்தால் முன்பே பூசிய வலை, நம் ஊர் மழைக்கு அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

பின்பூச்சிலும் ஒரு தொல்லை உண்டு. துத்தநாகம் மூட்டில் சொட்டாக உறைந்து நிற்கும். பட்ஜி அதைக் கொறித்து விழுங்கினால் நஞ்சு: வாந்தி, சோர்வு, கழிச்சல். சொட்டுகளைக் குறடால் உடைத்தெடுத்து, வினிகர் தொட்ட கம்பி பிரஷால் தேய்த்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தேன். இதனால் ஆபத்து குறையும், அடியோடு போகாது. ஓயாமல் கடிக்கும் பெரிய கிளிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான்; விலையும் கடிக்கும்.

வலையை மரச் சட்டத்தின் உட்புறம் அடித்தால் பறவை மரத்தைக் கொறிக்காது. வெட்டிய முனைகளை மடக்கி மேலே பட்டை வைத்து அடியுங்கள், இல்லாவிட்டால் பறவையின் கால் கிழியும். செம்பனை ஓர வீடென்றால் எலி வரும், அதன் பின்னே பாம்பு வரும். தரையில் வலையை ஓரடி ஆழம் புதைத்து வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். சுண்டெலி அரை அங்குலத்திலும் நுழையும். இரவில் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள்.